பென் டிரைவில் இருக்கிற மனுஷன்

மார்ச் 3

இந்த டைரி பழைய பேப்பரோடு வந்தது. யாரோ ஓர் ஆபீஸ்காரர் முதல் பக்கத்தில் தன் பேரை மட்டும் அழகாக எழுதிவிட்டு, வருஷம் முழுக்க ஒரு வரிகூட எழுதாமல் எடைக்குப் போட்டுவிட்டார். வருஷம் தப்பு. கிழமையும் தப்பு. தேதி மட்டும் சரி. அது போதும் எனக்கு.

எழுதச் சொன்னது ஆஸ்பத்திரி நர்ஸம்மா. "மனசுல இருக்கிறத யார்கிட்டயாவது சொல்லுங்க, இல்லாட்டி எழுதி வைங்க"ன்னாங்க. சொல்லலாம் என்று பார்த்தால், நான் வாயைத் திறக்குமுன் எதிரில் இருப்பவர் அழ ஆரம்பித்துவிடுகிறார். பிறகு நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருக்கிறது. இதற்கு எழுதுவதே மேல். படித்தது அஞ்சாங்கிளாஸ். பிழை இருந்தால் இருக்கட்டும், யார் திருத்தப் போகிறார்கள்?

என் மனுஷன் போனது தை மாதம். "வாயுதான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே போனார். ஏப்பம் விடுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனார். நான் சோடா வாங்கக் கடைக்கு ஓடினேன். அந்த சோடாவை அப்புறம் யார் குடித்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

மார்ச் 5

இன்றும் வண்டி தள்ளினேன். வண்டி தள்ளுவது நான், கூப்பிடுவது அவர். சாகும் முன் பதிவு செய்து வைத்தது. கைப்பிடியில் கட்டின ஸ்பீக்கர் பெட்டியில் பென் டிரைவைச் செருகி சுவிட்சைப் போட்டால், "பழைய இரும்பு... பழைய பேப்பர்... ஓட்டை பக்கெட், உடைஞ்ச நாற்காலி, ஓடாத ஃபேன்... எது இருந்தாலும் எடுத்துட்டு வாங்கம்மா" என்று ஆரம்பிப்பார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. உயிரோடு இருந்தபோது ஒரு வேலையை இரண்டாம் தடவை சொன்னால் எரிந்து விழுவார். இப்போது பாருங்கள், நாள் முழுக்க.

உலகத்தில் அவர் குரல் வேறு எங்கேயும் இல்லை. அவருடையது பட்டன் போன். இந்தப் பதிவுகூட அவர் தம்பி போனில் எடுத்தது. அந்தப் போன் தண்ணீரில் விழுந்து எங்கள் வண்டிக்கே பழைய சாமானாக வந்தது.

ஒரு பெண்சாதிக்குப் புருஷன் விட்டுப்போன வார்த்தை என்னவென்றால் ஓட்டை பக்கெட். கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கும் வருகிறது. பாதித் தெரு வரை.

மார்ச் 6

கொழுந்தன் வீட்டுக்கு வந்தான். இவருடைய தம்பி, பங்ச்சர் கடை வைத்திருக்கிறான். வந்ததும் உட்காரவில்லை.

"அண்ணி, அந்தப் பென் டிரைவைக் குடுங்க. நான் வேற ஆள வச்சுப் பேசிப் போட்டுத் தரேன்."

"ஏன், இதுல என்ன குறை?"

"செத்தவன் குரல் தெருத்தெருவா சுத்துறது நல்லாவா இருக்கு? நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"நாலு பேரு வீட்டுல பழைய சாமான் இருந்தா எடுத்துட்டு வருவாங்க. அதுக்கு மேல அவங்க நினைக்கத் தேவையில்ல."

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். நான் வண்டி தள்ளுவது இவனுக்குக் கௌரவக் குறைச்சல், அதுதான் விஷயம். அவன் கடைத் தெருவில் நான் நுழைந்தாலே உள்ளே போய்விடுகிறான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இவன் பெரிய மோட்டார் கம்பெனி முதலாளி. டியூபைத் தண்ணீரில் முக்கி காற்றுக் குமிழி வருதா என்று பார்க்கிற வேலைக்கு இவ்வளவு கௌரவம்.

ஆனால் பயம் வந்துவிட்டது. அவன் எடுத்துக்கொண்டு போய்விட்டால்? ஒரு காப்பி எடுத்து வைப்பது நல்லது.

மார்ச் 7

காப்பி எடுக்கப் போனேன். எடுத்துவிட்டார்கள், உயிரை.

மார்ச் 8

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

மொபைல் கடையில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் செருகினான், இரண்டு தட்டுத் தட்டினான், "ஒண்ணும் இல்லையேக்கா, காலியா இருக்கு"ன்னான். காலியா? காலையில வரைக்கும் கத்திட்டு வந்த மனுஷன்யா! திரையில் மஞ்சள் பெட்டி மாதிரி ஒரு படம் இருந்தது, அதன் மூலையில் வளைந்த அம்பு. அதைத் தொட்டால் எங்கேயோ போய் முட்டிக்கொண்டு திரும்பியது.

"ஃபார்மேட் பண்ணித் தரவா? புதுசு மாதிரி ஆயிடும்."

"புதுசானா உள்ள இருக்கிறது?"

"அதான் ஒண்ணும் இல்லையே."

பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மெதுவாக எடுக்க வேண்டுமாம், பின்னாலிருந்து கத்துகிறான்.

பெட்டியில் செருகிப் பார்த்தேன். பச்சை விளக்கு எரிகிறது. சத்தம் இல்லை. தட்டினேன். குலுக்கினேன். கடைசியில் அதனிடம் கெஞ்சினேன், "ஒரே ஒரு தடவை சொல்லுங்க"ன்னு. ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து வாங்க போங்க. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

இரண்டாம் தடவை தாலி அறுத்த மாதிரி இருக்கு. முதல் தடவை ஊரே வந்துச்சு. இதுக்கு யாரக் கூப்பிடுவேன்?

மார்ச் 10

சத்தமில்லாத வண்டிக்கு ஒருவரும் வெளியே வரவில்லை. நானே கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. குப்பை வண்டி என்று நினைத்து ஒரு அம்மாள் தேங்காய் நாரைக் கொண்டுவந்து கொட்டினாள்.

மார்ச் 11

விஷயம் எப்படியோ கொழுந்தனுக்குப் போய்விட்டது. புதுப் பென் டிரைவ் கொண்டுவந்தான். காசு கொடுத்து வாங்கின ரெடிமேட் குரல். ஒரு பெண். "அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, தங்களிடமுள்ள பயன்படுத்தப்படாத உலோகப் பொருட்களை..." பேங்குக்குப் போன் போட்டால் காக்க வைக்கிறவள் குரல்.

"நல்லா இருக்குல்ல அண்ணி? மரியாதையா இருக்கு."

அந்த மரியாதையோடு இரண்டு தெரு போனேன். எப்போதும் எங்களுக்கே பழைய பேப்பர் போடுகிற டீச்சரம்மா மாடியிலிருந்து, "என்னம்மா, லோன் குடுக்க வந்திருக்கியா?"ன்னு கேட்டாங்க. சிரித்துவிட்டு, "எங்க உன் வீட்டுக்காரர்?"ன்னாங்க. கேட்டபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. வெளியூர் போனவரை விசாரிப்பதுபோலக் கேட்டார்கள்.

அவர்கள்தான் சொன்னார்கள், பென் டிரைவை ஜெராக்ஸ் கடையில் காட்டச் சொல்லி.

மார்ச் 12

ஜெராக்ஸ் கடைக்காரிக்கு என் வயதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கண்ணாடி போட்டிருப்பாள், அதற்கு மேலாகத்தான் பார்ப்பாள். பின் எதற்கு அது?

பென் டிரைவைச் செருகினதும், "ஐயய்யோ, இதுவா" என்றாள். பாம்பைப் பார்த்ததுபோல இல்லை, பழைய கடன்காரனைப் பார்த்ததுபோல.

"அழிஞ்சு போச்சாம்மா?"

"அழியலக்கா. எங்கயோ ஒரு சீக்குக் கம்ப்யூட்டர்ல செருகி வைரஸ் ஒட்டிக்கிச்சு, அது மறைச்சு வச்சிருக்கு. மறைச்சுட்டு வாசல்ல பொம்மைய நிறுத்தி இருக்கு. அந்த அம்புப் படம் இருக்கே, அது பொம்மை."

"மறைச்சா எங்க போகும்?"

"எங்கயும் போகல. அங்கயேதான் இருக்கு. ஒவ்வொரு ஃபைலுக்கும் உள்ள சின்னச் சின்னக் குறி உண்டு. ஹெச் போட்டா கண்ணுக்குத் தெரியாது. ஆர் போட்டா பாக்கலாம், மாத்த முடியாது. எஸ் போட்டா அது கம்ப்யூட்டரோட சொந்தச் சாமான், நம்ம கை வைக்கக் கூடாதுன்னு அர்த்தம். யாரு வேணா குறி போடலாம், எடுக்கலாம்."

ஒரு கறுப்புத் திரையைத் திறந்தாள். படம் கிடையாது, பூ கிடையாது, வெறும் கறுப்பு, அதில் ஒரு வெள்ளைக் கோடு மினுக்கு மினுக்கென்று நிற்கிறது. என்னமோ அடித்தாள். முடியாது என்று வந்தது.

"முறைக்குது பாருங்க. எஸ்ஸும் சேர்ந்து இருக்கு. அத எடுக்காம ஹெச்ச மட்டும் எடுக்க விடாது."

மறுபடி அடித்தாள். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றேன். இந்த மனுஷனைத் தை மாதம் ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போனபோதுகூட நான் இப்படி நிற்கவில்லை. அப்போது நம்பிக்கை இருந்தது.

வெள்ளைக் கோடு அடுத்த வரிக்கு இறங்கியது. ஒரு வார்த்தை பேசவில்லை. "ஆச்சு"ன்னாள்.

"என்ன ஆச்சு? ஒண்ணும் சொல்லலயே?"

"சொல்லலன்னா நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம். தப்பு நடந்தாத்தான் பேசும்."

எங்க மாமியார் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அந்தம்மா நல்லது நடந்தாலும் பேசும், அது வேற.

அம்புப் படத்தை அழித்தாள். பக்கத்திலேயே நிஜ மஞ்சள் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. தொட்டாள். "பழைய இரும்பு..."

கடையில் ஆதார் எடுக்க நின்ற ஆள்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜெராக்ஸ் மிஷினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சூடாக இருந்தது. கையை எடுக்கவில்லை.

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள், "இன்னொரு தடவை ஆச்சுன்னா எங்கயும் காட்டி இத அடிக்கச் சொல்லுங்க" என்று. பார்த்துப் பார்த்து இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

attrib -h -s -r E:\*.* /s /d

மார்ச் 13

மானம் போச்சு. மரியாதை போச்சு. எல்லாம் போச்சு.

முதல் தெருவில் சுவிட்சைப் போட்டேன். "எடுத்துட்டு வாங்கம்மா" வரை வழக்கம்போலச் சொன்னார். பெட்டி ஒரு வினாடி நின்றது. பிறகு திரும்ப முதலிலிருந்து வரவில்லை. வேறு ஏதோ கரகரவென்று வந்தது. பிறகு என் குரல்.

"என்னங்க இது, இழவு வீட்டுல நிக்கிற மாதிரி சொல்றீங்க? யாரு செத்தா?"

தெரு நடுவில். லவுட் ஸ்பீக்கரில். நான்!

அவர்: "சத்தமாத்தானடி சொன்னேன்."

நான்: "சத்தமா சொன்னீங்க. உசுரோட சொன்னீங்களா?"

அவர்: "எங்க, நீ சொல்லு பாப்போம்."

நான்: "நான் எதுக்குச் சொல்லணும்? நானா வண்டி தள்ளப் போறேன்?"

சுவிட்சைத் தேடுகிறேன், கை போகவில்லை. அதற்குள் அவர் சிரித்தார். மூக்கால் ஒரு சத்தம், பிறகு இருமல், பிறகு நிறுத்த முடியாத அந்தச் சிரிப்பு. தை மாதத்திலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது ஓட்டை பக்கெட் இல்லை, இதுதான். இது இருக்கிறது என்றே தெரியாது எனக்கு.

அப்படியே நின்றுவிட்டேன். பெட்டியில் அடுத்த சண்டை, அதற்கடுத்தது. சரியாக வராதவை எல்லாம். ஒன்றில் நான் அவரைத் தகர டப்பா என்கிறேன். ஒன்றில் பாதியில் பால் பொங்கிவிட்டதென்று ஓடுகிறேன், அவர் தனியாக முணுமுணுக்கிறார், "இவகிட்ட நல்ல பேரு வாங்குறதுக்கு இரும்பத் தின்னு செரிச்சுடலாம்." தெருவே வாசலில் நிற்கிறது. ஒரு தாத்தா ஸ்டூல் போட்டுக்கொண்டார். பழைய சாமான் கொண்டுவந்தவர்கள் அதைக் கொடுக்க மறந்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள்.

மார்ச் 13, சாயங்காலம்

ஜெராக்ஸ் கடைக்குப் போய்க் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ, மறந்தே போயிட்டேன்கா! அந்த அண்ணன் இதையெல்லாம் ஒரு போன்ல கொண்டுவந்தார். பெட்டி இருக்கிற எல்லாத்தையும் பாடுமே, சரியா வந்தது ஒண்ண வச்சுட்டு மத்தத அழிச்சிரவான்னு கேட்டேன். அழிக்காதம்மான்னார். 'இதுல என் பொண்டாட்டி என்னைத் திட்டுறது இருக்கு. சும்மா உள்ள கிடக்கட்டும், பெட்டி கண்ணுல மட்டும் படாமப் பண்ணிடு'ன்னார். நான்தான் ஹெச் போட்டு வச்சேன். நேத்து எல்லாத்தையும் கழட்டினதுல அதுவும் கழண்டு போச்சு."

திட்டு வாங்கியதைச் சேர்த்து வைத்திருக்கிறார். இந்த மனுஷனை என்ன சொல்வது? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்ப மறைத்துத் தரவா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இன்னும் எல்லாவற்றையும் நான் கேட்டு முடிக்கவில்லை.

மார்ச் 15

வியாபாரம் அமோகம். "இன்னைக்கு எந்தச் சண்டை?"ன்னு கேட்டுக்கொண்டே வருகிறார்கள். டீச்சரம்மா நல்ல நிலைமையில் இருந்த ஒரு ஃபேனைக் கொடுத்துவிட்டார்கள், பால் பொங்குகிற கதையை மறுபடி போடச் சொல்லி.

மார்ச் 16

கொழுந்தன் பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டான்.

அவன் கடைத் தெருவில் நுழைந்தேன். பெட்டியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். இவன் கையில் ஸ்பேனரோடு ஓடி வந்தான். பெட்டியிலிருந்து உருவிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டான். பங்ச்சர் போட நின்ற ஆள்கள் எல்லாம் பார்த்தார்கள்.

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். டைரிக்குக்கூட ஒரு வரைமுறை இருக்கு.

இவன் அழிச்சிருவான். அழிச்சிட்டு வந்து மரியாதையான குரல் ஒண்ணு குடுப்பான். அந்தப் பாவி என் மனுஷன் மேல கை வச்சா — இல்ல, அது பென் டிரைவ். என்ன எழுதுறேன் நான். பென் டிரைவ் மேல கை வச்சா.

மார்ச் 17

போனேன். சண்டைக்கென்றே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். அவன் பொண்டாட்டி வாசலிலேயே, "பின்னாடி இருக்காருக்கா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள்.

பழைய டயர் அடுக்குக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் பையிலிருந்து எடுத்து நீட்டினான்.

"அழிச்சிட்டியா?"

"அழிக்கலாம்னுதான் எடுத்தேன். எப்படி அழிக்கிறதுன்னு தெரியல."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோபம் பாதியாகிவிட்டது, அதுதான் பிரச்சினை.

"உனக்கு என்னடா அவ்வளவு வெறுப்பு? உன் கூடப் பிறந்தவன் குரல்தான அது?"

"அதான் அண்ணி." டயரைப் பார்த்தே பேசினான். "தினமும் அந்த முக்குல சத்தம் கேக்குது. அண்ணன் வரான்னு எந்திரிச்சிடுறேன். டீ சொல்லணும்ல. அவனுக்கு சர்க்கரை கம்மியா. டீக்கடைப் பக்கம் கைகூட காட்டிடுறேன் சில நாள். அப்புறம் வண்டி தெரியுது. நீங்க தெரியிறீங்க. அப்புறம் உள்ள போயி உக்காந்துக்கிறேன்."

பக்கத்து டயரில் உட்கார்ந்தேன்.

"தினமும்" என்றான் மறுபடி. "நேத்து சிரிக்கிறான். சிரிக்க வேற செய்யிறான்."

கௌரவம் கௌரவம் என்று இவனை எவ்வளவு திட்டி எழுதியிருக்கிறேன். எனக்கு எது கேட்டால் உயிர் வருகிறதோ, அதைக் கேட்டால் இவனுக்குப் போகிறது. ஒரே ஆள், ஒரே குரல். என்ன கணக்கு இது?

இரண்டு பேரும் டீ குடித்தோம். அவன்தான் டீ சொன்னான், பிறகுதான் பார்த்தேன், எனக்கும் சர்க்கரை கம்மியாகச் சொல்லியிருந்தான். குடித்துவிட்டேன்.

மார்ச் 19

ஜெராக்ஸ் கடைக்காரியிடம், "நானே அடிக்கிறேன், நீ பக்கத்துல நில்லு" என்றேன். ஸ்டூலை நகர்த்தினாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடினேன். அந்தப் பலகையில் எழுத்தெல்லாம் குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கிறது, அகர வரிசை தெரியாதவன் செய்தது. முதல் தடவை இடம் விடாமல் சேர்த்து அடித்தேன், திட்டியது. இரண்டாம் தடவை மைனஸ் போட்டேன்.

"மைனஸ்னா எடுக்கிறதுக்குக்கா. போடுறதுக்கு பிளஸ்."

பிளஸ் ஹெச். சண்டைகள் இருக்கிற மஞ்சள் பெட்டியைத் தேடி அதற்கு மட்டும். தட்டினேன். வெள்ளைக் கோடு இறங்கியது, ஒன்றும் பேசவில்லை. நான் செய்தது சரி!

தெருவுக்கு ஓட்டை பக்கெட் போதும். சண்டையெல்லாம் வீட்டுக்கு. அதைக் கேட்க அவள் ஒரு பழைய போனில் ஏற்றிக் கொடுத்தாள். காப்பியும் எடுத்தாயிற்று, அவள் கம்ப்யூட்டரில் ஒன்று, தனிப் பென் டிரைவில் ஒன்று. கூப்பிடுகிற ஃபைலுக்கு ஆர் போட்டால் யாரும் அழிக்க முடியாதா என்று கேட்டேன்.

"அழிக்கப் போனா 'நிஜமாவா'ன்னு ஒரு தடவ கேக்கும். அவ்வளவுதான். ஃபார்மேட் போட்டா அதுவும் கேக்காது."

ஒரு தடவை கேட்டாலே பெரிது. இவரைக் கொண்டுபோனபோது எங்களை யாரும் கேட்கவில்லை. ஆர் குறியும் போட்டேன்.

மார்ச் 20

சண்டை போடவில்லை என்று தெருவில் ஏமாற்றம். டீச்சரம்மா ஃபேனைத் திருப்பிக் கேட்டார்கள், பாதி விளையாட்டாக. விற்றுவிட்டேன் என்றேன்.

மார்ச் 22

பங்ச்சர் கடை முக்கு வந்தது. "உடைஞ்ச நாற்காலி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியின் பொத்தானை அழுத்தி நிறுத்தினேன். வண்டியைத் திருப்பினேன்.

வாயைத் திறந்தேன். முதலில் ஒரு மாதிரிக் கீச்சென்று வந்தது, நாய் ஒன்று எழுந்து பார்த்தது. பிறகு வந்தது. பழைய இரும்பு, பழைய பேப்பர். தொண்டை எரிகிறது, இந்த மனுஷன் வருஷக்கணக்காக எப்படிக் கத்தினார்?

கொழுந்தன் கடையில் ஒரு சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவைத்திருந்தான். உள்ளே போகவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணி, ஒண்ணுமே கேக்கல. இன்னும் கொஞ்சம் சத்தமாக் கூப்பிடுங்க."

"உன் காதுல கிரீஸ் இருக்கு. எடுத்துட்டுக் கேளு."

"கிழிஞ்ச டியூப் எடுப்பீங்களா?"

"ரப்பர் எடுக்கிறதில்ல."

"அப்ப எதுக்கு என் கடை முன்னாடி நின்னு கத்துறீங்க?"

"உன் கடை முன்னாடி யாரு நின்னா? நான் தெருவுல நிக்கிறேன்."

டீக்கடைப் பக்கம் கையைக் காட்டி இரண்டு விரலை நீட்டினான். குடித்தேன். கிளம்பினேன். தெருக்கோடி வரை நானே கூப்பிட்டுக்கொண்டு போனேன், ஒரு வீட்டில் தையல் மிஷின் ஸ்டாண்டு கிடைத்தது, நல்ல கனம்.

முக்கைத் தாண்டித் திரும்பினதும் பொத்தானை அழுத்தினேன். விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்.

"ஓடாத ஃபேன்..."